அது யார் மயிர்?

1

“கொடுக்கிற காசுக்கு மதிப்பான பேட்ஜர் பிரஷ் எது?” இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி என் காதில் விழுகிறது. கேட்பவர்கள் எல்லாம் முப்பதுக்குள் இருக்கும் பையன்கள். நாலு அடுக்கு பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாத்தா காலத்து இரட்டை முனை பிளேடுக்குத் திரும்பியவர்கள். கிண்ணம், கட்டி சோப்பு, படிகாரக் கல், வெந்நீர் என்று குளியலறையில் சின்னதாக ஒரு பூஜை அலமாரியே வைத்திருக்கிறார்கள். அந்த அலமாரியின் மூலவர் பிரஷ். அதுவும் பேட்ஜர் மயிரில் செய்த பிரஷ்.

பழைய ரேசருக்குத் திரும்பியதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. குப்பை குறைகிறது, செலவு குறைகிறது, முகத்துக்கும் நல்லது. என் சண்டை பிரஷ்ஷோடு மட்டும்தான். ‘மதிப்பான பேட்ஜர் பிரஷ்’ என்று ஒரு பொருள் உலகத்தில் இல்லை. விலை குறைந்த பேட்ஜர் பிரஷ் மட்டமான பிரஷ். நல்ல பேட்ஜர் பிரஷ்ஷோ விலை குறைந்ததே இல்லை. இரண்டிலுமே பில்லில் ஏறாத ஒரு தொகை இருக்கிறது. அதைக் கட்டுவது நீங்கள் இல்லை, வேறு யாரோ. அது யார் என்று கேட்காமல் ‘மதிப்பு’ என்ற சொல்லை எடுக்கக் கூடாது என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சின்ன தகுதி உண்டு. நான் திருத்தணிக்காரன். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். அறுபடை வீடுகளில் ஒன்று. வருஷத்தின் நாட்களுக்குச் சமமாக 365 படி. ஆடிக் கிருத்திகை வந்தால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் லட்சக்கணக்கில் சனம் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் தலையில் மயிரோடு ஏறி, மயிர் இல்லாமல் சந்தனத்தோடு இறங்குவார்கள். மயிர் என்றால் என்ன, அது யாருடையது, எப்படி வந்தது என்று யோசிக்க எங்கள் ஊரை விட்டால் நல்ல இடம் எது?

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘முடி’ என்று எழுதினால் நாகரிகம், ‘மயிர்’ என்று எழுதினால் வசை என்று ஆக்கி வைத்திருக்கிறோம். மயிர் பழைய, நல்ல தமிழ்ச் சொல். கட்டுரை நெடுக அப்படியே எழுதப் போகிறேன். கூச்சப்படுபவர்கள் முடி என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

2

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். அறம் பேசுவதற்கு முன்னால் கடைக் கணக்கிலேயே இது தேறுகிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஷேவிங் பிரஷ்ஷுக்கு வேலை மூன்று. தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். சோப்பையும் காற்றையும் அந்தத் தண்ணீரோடு கலந்து நுரையாக்க வேண்டும். தாடி மயிரை நிமிர்த்தி, நுரையை அதன் அடிவரை கொண்டுபோக வேண்டும். இதை மூன்று வகை இழைகள் செய்கின்றன. பன்றி மயிர் முரடு. ஊற வைக்க வேண்டும், பழகப் பழக நுனி பிளந்து மெதுவாகும். பேட்ஜர் மயிர் நடுவில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். அதனால் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், முகத்தில் மெத்தென்று படும். மூன்றாவது செயற்கை இழை. பழைய நைலான் பிரஷ் துடைப்பம் மாதிரி இருந்தது உண்மைதான். ஆனால் இன்றைய இழைகளின் நுனியைப் பேட்ஜர் மயிர் மாதிரியே மெலிந்து முடியும்படி செய்கிறார்கள். இழை தண்ணீரை உறிஞ்சாது, இழைகளுக்கு நடுவில்தான் தண்ணீர் நிற்கும். அதனால் சோப்பு வீணாகாது, சீக்கிரம் நுரைக்கும், சீக்கிரம் காயும்.

இப்போது பேட்ஜர் தரப் பெயர்களைப் பாருங்கள். பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப். இதில் ‘பியூர்’ என்பதுதான் கடைசித் தரம்! கறுத்து, குத்தும் மயிருக்கு ‘சுத்தம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். நுனி வெளுத்த, மென்மையான மயிர் சில்வர்டிப். இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருத்தரின் ‘சூப்பர்’ இன்னொருத்தரின் ‘பெஸ்ட்’. நம்மூர் அரிசிக் கடையில் ‘முதல் ரகம்’ என்று எழுதி வைப்பது மாதிரிதான். கடைக்காரர் கையில் இருக்கும் சாக்குக்கட்டி அது.

ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்ஜர் பிரஷ்கள் பெரும்பாலும் இந்தப் ‘பியூர்’ ரகம். புதிதில் நாற்றம் அடிக்கும், மயிர் கொட்டும், கன்னத்தில் குத்தும். மென்மைக்காகத்தானே பேட்ஜர்? அந்த மென்மை இந்த விலையில் இல்லை. அது வேண்டுமென்றால் பல ஆயிரம் ஏற வேண்டும். இதற்கு நடுவில் போலியும் உண்டு. பன்றி மயிரை வெளுக்க வைத்து, நடுவில் ஒரு கறுப்புப் பட்டை சாயமேற்றி பேட்ஜர் மாதிரி காட்டுவார்கள். செயற்கை இழையிலும் அதே பட்டை போடுவார்கள். ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினால் உருகுவது செயற்கை, தீய்ந்து மயிர் நாற்றம் அடிப்பது விலங்கு. ஆனால் எந்த விலங்கு என்று அந்த நெருப்பு சொல்லாது.

நம்மூர்த் தட்பவெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு சரியாக நுரைக்காமல் திரிந்து, இழையின் அடியில் வெள்ளையாகப் படியும். ஐப்பசி, கார்த்திகையில் குளியலறை காய்வதே இல்லை. இயற்கை மயிர்க் கட்டு உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு நாறத் தொடங்கும். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவதோ ட்யூபில் வரும் கிரீம். அது நுரைப்பதற்கு சில்வர்டிப் தேவையே இல்லை. சில நூறு ரூபாய் செயற்கை பிரஷ் போதும். குளிர்நாட்டுக்காரன் கட்டி சோப்பை வைத்துக்கொண்டு எழுதிய சிபாரிசை, கத்திரி வெயிலில் கிரீம் போடுகிற நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

3

மலிவாக பேட்ஜர் வேண்டும் என்ற ஆசை ஆள் உயிரைக் குடித்த கதை ஒன்று உண்டு.

முதல் உலகப்போருக்கு முன்பே ஐரோப்பாவில் உயர்ந்த பிரஷ் என்றால் பேட்ஜர்தான். போர் வந்ததும் பேட்ஜர் மயிர் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. அதே நேரம் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஷேவிங் பிரஷ் வேண்டியிருந்தது. விஷவாயு முகமூடி முகத்தில் இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது. அப்போது சந்தைக்கு வந்தது ‘போலி பேட்ஜர்’. குதிரை மயிருக்குச் சாயம் போட்டு பேட்ஜர் மாதிரி ஆக்கிய பிரஷ்கள். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த அந்த மயிரைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் விட்டார்கள். கால்நடைகளைத் தாக்கும் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், அந்த மயிரில் வித்தாக ஒளிந்து வந்தது. சவரக் கீறலில் புகுந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், பலர் செத்தார்கள். குண்டுக்குத் தப்பியவன் சவர பிரஷ்ஷுக்குத் தப்பவில்லை. 1920இல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களை இறக்குமதி செய்வதையே பிரிட்டன் தடை செய்தது.

இன்றைக்கு விற்கும் பிரஷ்ஷால் ஆந்த்ராக்ஸ் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போது கிருமிநீக்கம் செய்துதான் விற்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. பெரிய மனிதர்களின் பொருளைச் சின்ன விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் சொல்லும்போது, மிச்சப்பட்ட காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. குதிரை கேட்காது. மயிர் பிரித்த தொழிலாளியின் வாயை யார் பார்த்தார்கள்? கேட்டிருக்க வேண்டியவன் வாங்கியவன்தான். நூறு வருஷம் கழித்து நாமும் கேட்பதில்லை.

4

சரி, இன்று நம் கைக்கு வரும் பேட்ஜர் மயிர் எங்கிருந்து வருகிறது?

பேட்ஜரைத் தமிழ் அகராதிகள் வளைக்கரடி என்கின்றன. கரடி இனமில்லை. நீர்நாய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம். பிரிட்டனில் 1992ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதைப் பாதுகாக்கிறது. பிரஷ்ஷைப் பெரிய பண்பாடாகக் கொண்டாடுகிற நாட்டிலேயே உரிமம் இல்லாமல் அதன் மேல் கை வைக்க முடியாது. இந்தியாவில் உள்ள தேன்வளைக்கரடிக்கு 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பாதுகாப்பு. ஆக, உலகச் சந்தையில் புழங்கும் பேட்ஜர் மயிரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது.

விற்பவர்கள் சொல்லும் சமாதானம் இது: “அங்கே அது பயிரை அழிக்கும் பிராணி. கறிக்காகக் கொல்கிறார்கள். மயிர் உபரி, அவ்வளவுதான்.” 2018இல் பீட்டாவின் ஆசியக் கிளை சீனப் பண்ணைகளில் எடுத்த படங்களை வெளியிட்டது. கம்பிக் கூண்டுக்குள் அடைபட்டு, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் பேட்ஜர்கள். அடித்துக் கொல்லும் காட்சிகள். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பேட்ஜர் மயிரைக் கைவிட்டன.

பீட்டா என்றதும் உங்களில் பலருக்கு 2017 ஜனவரி மெரினா ஞாபகம் வரும். எனக்கும் வரும். ஜல்லிக்கட்டில் அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் சொல்பவனைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்ல முடியுமா? காளையை வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறோம் என்றுதானே மெரினாவில் வாதாடினோம்? அந்த வாதத்தில் நமக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால், கூண்டில் பைத்தியம் பிடித்து ஆடும் பிராணிக்காகப் பேச வேண்டிய முதல் ஆட்கள் நாம்தான்.

“சீனாக்காரன் செய்தால் நான் என்ன செய்ய?” என்று கேட்டால், நம் வீட்டுக்குள்ளேயே ஒரு பேட்ஜர் இருக்கிறது. அதற்குப் பேர் கீரி. எங்கள் ஊர்ச் சந்தையில் தெலுங்குக்காரர் வாயில் முங்கிஸ. ஓவியத் தூரிகைக்குக் கீரி மயிர் மாதிரி வராது என்று ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நம் சட்டம் கீரியைக் கொல்வதையும் அதன் மயிரை விற்பதையும் தடுக்கிறது. ஆனாலும் 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் சோதனை போட்டபோது, உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் பக்கத்து ஷேர்கோட் என்ற தூரிகை ஊரிலும் வேறு இடங்களிலுமாக 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூரிகைகள் சிக்கின. 100 கிலோவுக்கு மேல் கீரி மயிர் சிக்கியது. தூரிகைக்குத் தேறும் ஒரு கிலோ மயிருக்குக் குறைந்தது 50 கீரிகள் சாக வேண்டும் என்பது காட்டுயிர் அமைப்புகள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் அந்த ஒரு குவியல் மட்டும் 5,000 கீரி.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு அடைக்கலக் காதை ஞாபகம் இருக்கும். பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாகக் கொன்றுவிட்ட பார்ப்பனப் பெண்ணை அவள் கணவன் கைவிட்டுப் போகிறான். அந்தப் பாவம் தீரப் பொருள் கொடுத்து அவர்களைச் சேர்த்து வைக்கிறான் கோவலன். மாடலன் அவன் புண்ணியங்களை அடுக்கும்போது இதையும் சேர்க்கிறான். ஒரே ஒரு கீரி. அதற்கே ஒரு குடும்பம் உடைந்தது, பரிகாரம் தேவைப்பட்டது. அந்தக் காவியத்தை ஒருவன் கீரி மயிர்த் தூரிகையால் வரைந்தால் அவனை என்ன சொல்வது? பிடிபடுகிறவன் எப்போதும் வலை வைத்த ஏழைதான். “நேச்சுரல் ஹேர் வேணும்” என்று கேட்டவன் மேல் எந்த வழக்கும் இல்லை.

5

இங்கே ஒரு நண்பர் கையைத் தூக்குவார். “உங்க ஊர்க் கோயில்லயே சாமிக்குச் சாமரம் வீசறாங்க. அது கவரிமா மயிர்தானே? காவடி பூரா மயில் பீலி. நீங்க மட்டன் சாப்பிடுவீங்க, தோல் செருப்பு போடுவீங்க. பேட்ஜருக்கு மட்டும் கண்ணீரா?”

நல்ல கேள்விதான். தட்டிக்கழிக்கக் கூடாது. நான் சைவன் இல்லை. எல்லா உயிரும் ஒன்று என்று மேடையில் பேசும் ஆளும் இல்லை. ஆனால் எங்கள் மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் மயிரும் பீலியும் மூன்று விதமாக வருவது தெரியும்: கொடுத்தது, உதிர்ந்தது, பிடுங்கியது.

கொடுத்தது, மொட்டை. ஒரு வயசுப் பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து கதறுகிறதே, அது எங்கே கொடுத்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அது சந்தனம் பூசிய தலையோடு, கையில் பலூனோடு வீட்டுக்குப் போகிறது. ஆறு மாசத்தில் மயிர் திரும்ப முளைக்கிறது. உதிர்ந்தது, பீலி. மயிலைக் கொல்வது குற்றம். ஆனால் அது தானாக உதிர்க்கும் தோகையை உள்நாட்டில் விற்க நம் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதிலும் கொன்று பிடுங்கி ‘உதிர்ந்தது’ என்று விற்கிறார்கள் என்ற புகார் உண்டு. அப்படியானால் அதையும் கேட்க வேண்டியதுதான், முருகனுக்கு என்பதால் விலக்கு எதற்கு? சாமரத்துக்கும் அதுவே. கவரிமா மயிரை இழந்தால் உயிர் வாழாது என்று வள்ளுவர் மானத்துக்கு உவமை சொன்னார். நாம் அந்த மயிரையே சாமிக்கு விசிறியாக்கினோம்.

பேட்ஜர் மூன்றாவது வகை. கொடுக்கவில்லை, உதிர்க்கவில்லை. மட்டனோடு ஒப்பிட்டால்கூட ஒரு வித்தியாசம் உண்டு. பசிக்கு மாற்றுத் தேடுவது கஷ்டம். கறி தின்று பழகிய நாக்குக்குப் பருப்பு ஈடாகாது என்று நான் வாதாடத் தயார். ஆனால் நுரைக்கு மாற்று ஏற்கெனவே கடையில் தொங்குகிறது, பத்தில் ஒரு பங்கு விலையில், நம் தண்ணீருக்கும் நம் மழைக்கும் இன்னும் பொருத்தமாக. தேவையே இல்லாத இடத்தில் பிடுங்குவதற்கு என்ன சாக்கு?

மயிர் எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கும் திருப்பதியில் சேரும் காணிக்கை மயிரைத் தேவஸ்தானம் ஏலம் விட்டுக் கோடிக்கணக்கில் ஈட்டுகிறது. நீளமான மயிர் வெளிநாடுகளில் விக் ஆகிறது. 2004இல் ஜெருசலேமின் மூத்த யூத மதகுரு எலியாஷிவ், இந்தக் கோயில் மயிரில் செய்த விக்கை யூதப் பெண்கள் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். சிலை வழிபாட்டில் கொடுத்த மயிர் என்பது காரணம். ஜெருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் எனக்கு ஒத்துவராது. எங்கள் பாட்டிகளின் காணிக்கையில் தீட்டு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சரி. தலையில் வைத்திருக்கும் பொருளைக் கழற்றி, இது யார் மயிர், எப்படி எடுத்தார்கள் என்று கேட்டார்கள். பதில் பிடிக்காதபோது நஷ்டத்தைத் தாங்கினார்கள். நம்மிடம் யாரும் எரிக்கச் சொல்லவில்லை. வாங்காதே என்றுதான் சொல்கிறேன்.

6

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற இடம்.

மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சலூன் உண்டு. நாலு நாற்காலிக்கு இடமுள்ள அறையில் இரண்டு நாற்காலி. அந்த அண்ணன் தமிழில் கேட்டால் தமிழ், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. ஒருநாள் அவர் கையிலிருந்த பிரஷ்ஷைக் காட்டி, “இது என்ன முடிண்ணா?” என்றேன்.

“நைலான் தம்பி. வேற இன்னா? ஒரு நாளைக்கு முப்பது மூஞ்சி பாக்குது. பண்ணி முடியா இருந்தா இந்நேரம் கொட்டிப் பூடும். இத்த வெந்நீர்ல போட்டு, டெட்டால்ல போட்டு, என்ன வேணா பண்ணலாம்.”

வெளிநாட்டில் ஒரு பிரஷ் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்பதைச் சொன்னேன். கத்தியில் புது பிளேடை உடைத்துச் செருகிக்கொண்டே சிரித்தார். “அது இன்னா, தானா செரைக்குமா?”

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தமிழில் ஒருவனை மட்டம்தட்ட வேண்டுமென்றால் “போய் சிரைக்கப் போ” என்போம். “நீ என்ன சிரைச்சுக்கிட்டு இருந்தியா?” என்போம். சவரம் செய்வது இழிந்த வேலை என்பது நம் வசையிலேயே ஊறிக் கிடக்கிறது. அந்தச் சமூகத்து மனிதர் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். புழக்கடையில், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்கார வைத்து வேலை வாங்கினோம். கூலி, அறுவடையில் களத்து நெல். தொட்டபின் தலை முழுகினோம். யாருக்குச் சிரைக்கலாம், யாருக்குக் கூடாது என்பதையும் ஊர்தான் தீர்மானித்தது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்கள் பற்றிய செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதே பிரஷ், அதே கிண்ணம், அதே நுரை இப்போது கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட்டது. நாவிதர் செய்தால் சிரைப்பு, நாம் செய்தால் ‘கலை’, ‘தியானம்’, ‘ஆண்மையின் மரபு’! அந்த மரபு யாருடையது? லண்டன் கனவான்களுடையது என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது, நாமும் நம்புகிறோம். சவரம் என்ற கைத்தொழிலைத் தலைமுறைகளாகக் காப்பாற்றிய ஆள் நம் தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கை விலகிய பிறகுதான் அந்தத் தொழில் நமக்கு அழகாகத் தெரிகிறது. விலங்கின் வலி பெட்டிக்கு வெளியே நின்றது மாதிரியே, இந்த மனிதரின் அவமானமும் பெட்டிக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதுகிறேன்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 2021இல் தமிழக அரசு தன் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. அந்த வேலை செய்யும் ஆயிரத்து எழுநூறு பேருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றது. நல்ல அறிவிப்பு. தொகை போதுமா என்பது தனி விவாதம். ஆனால் 5,000 ரூபாய் என்பது ஒரு நடுத்தர சில்வர்டிப் பிரஷ்ஷின் விலை. ஆயிரம் தலைகளுக்குக் கத்தி வைத்தவருக்கு மாதம் முழுக்கக் கிடைக்கும் ஊக்கத்தை நாம் ஒரு கைப்பிடி மயிருக்குக் கொடுத்துவிட்டு, அதை ‘மதிப்பு’ என்கிறோம். அதே ஆள் சலூனில் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டால், “என்னண்ணா, போன மாசம் இல்லையே?” என்று பேரம் பேசுகிறார்.

“என் காசு, என் முகம், என் சந்தோஷம்” என்பது கடைசி வாதம். ஒத்துக்கொள்கிறேன். காசு உங்களுடையது, முகமும் உங்களுடையது. மயிர் மட்டும் உங்களுடையது இல்லை.

7

பிரஷ்ஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விரலால் கிரீம் தேய்ப்பதைவிட பிரஷ்ஷால் நுரைப்பது நல்லது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனவே வாங்குங்கள், இப்படி வாங்குங்கள்.

செயற்கை இழை என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். ‘நேச்சுரல்’, ‘பிரீமியம் ஹேர்’ என்று மட்டும் எழுதி, எந்த விலங்கு என்று சொல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். கட்டின் அடிவிட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் பெரிது சோப்பைத் தின்னும். இழையின் உயரம் 50 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். மிகவும் உயரமானால் தொளதொளவென்று ஆடும், குட்டையானால் குத்தும். கடையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் உள்ளங்கையில் காய்ந்தபடியே அழுத்திச் சுற்றுங்கள். நுனி மெத்தென்று விரிந்து, எடுத்ததும் நிமிர வேண்டும். கைப்பிடி சோப்புக் கையில் வழுக்காமல் இருந்தால் போதும், கொம்பும் தந்தமும் மாதிரி பளபளக்க வேண்டியதில்லை. பயன்படுத்தியதும் நன்றாக அலசி, உதறி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊரானால் மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் படிந்த வெள்ளை போய்விடும். சில நூறு ரூபாய்க்கு வாங்கியது பல வருஷம் உழைக்கும்.

தாத்தாவின் பழைய பேட்ஜர் பிரஷ் வீட்டில் இருந்தால் குப்பையில் போட வேண்டாம். அந்தப் பிராணி செத்து முடிந்தாயிற்று. இற்றுப்போகும்வரை பயன்படுத்துங்கள், அடுத்ததை வாங்காதீர்கள். ஓவியர்களுக்கும் இதுவே. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தூரிகையை வாங்காதீர்கள்.

இப்படி வாங்கினால் உங்கள் கையில் ஒன்றிரண்டு ஆயிரம் மிச்சமாகும். அதை என்ன செய்வது என்று கேட்டால் சொல்கிறேன். மாதம் ஒருமுறையாவது தெருமுனை சலூனுக்குப் போய் உட்காருங்கள். ‘அண்ணா’ என்று கூப்பிடுங்கள். கத்தியை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார், தாடையை எப்படித் திருப்புகிறார் என்று பாருங்கள். எந்தக் காணொளியும் சொல்லித்தராத பாடம் அது. எழுந்ததும் அவர் கேட்ட கூலியைக் கொடுங்கள். மீதிச் சில்லறைக்குக் கை நீட்டாதீர்கள்.